இருபத்தைந்து நாள் நாற்று

உங்களில் பலர் மண்ணில் கை வைத்திருக்க மாட்டீர்கள்; அதில் குறை ஒன்றும் இல்லை. அதனால் இந்த ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தக்காளி நாற்று, விதை போட்ட இருபத்தைந்தாம் நாள் தட்டை விட்டுக் கிளம்பி வயலுக்குப் போய்விட வேண்டும். இரண்டு மூன்று நாள் முன்னே பின்னே ஆனால் பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் வைத்திருந்தால், கட்டைவிரல் பருமனுள்ள குழிக்குள் வேர் தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும். தண்டு வெளிச்சம் தேடி நீளும். கீழ் இலைகள் மஞ்சளாகும். ரயிலைத் தவறவிட்டவர்கள் நடைமேடையில் நிற்பதுபோல நிற்கும், பார்க்கவே சங்கடமாக இருக்கும்.

இந்தக் கதையில் நாற்று வளர்க்கிறவளை வீட்டில் எல்லோரும் 'அதிபர்' என்றுதான் கூப்பிடுவார்கள். இளம் உழவர்களைத் தொழில்முனைவோர் ஆக்கும் திட்டம் ஒன்றில் பன்னிரண்டு நாள் பயிற்சிக்குப் போய், ஒரு தொப்பி, ஒரு கோப்பு, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு சான்றிதழ் ஆகியவற்றோடு அவள் வந்து இறங்கியபோது, வேன் ஓட்டும் அவள் அண்ணன் வாசலில் நின்று, "வாங்க தொழிலதிபர், வாங்க" என்றார். நாளடைவில் தொழில் உதிர்ந்துவிட்டது, அதிபர் மட்டும் நின்றது. நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். வயது முப்பத்து நான்கு. கல்யாணம் ஆயிற்றா, ஏன் ஆகவில்லை என்று கேட்காதீர்கள், அது வேறு கதை.

வேலை அவளும் அவளுடைய அண்ணியும் சேர்ந்து செய்வது. வீட்டுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, பச்சை நிழல்வலை போட்ட ஒரு கூடம். வலையில் அங்கங்கே தைத்த தழும்பு. உள்ளே மூங்கில் மேடையில் எழுபது குழித்தட்டுகள். ஒரு தட்டுக்குத் தொண்ணூற்றெட்டுக் குழி. தென்னை நார்த்தூளை நனைத்து ஒவ்வொரு குழியிலும் அடைத்து, விரல் நுனியால் ஒரு பள்ளம் போட்டு, ஒரே ஒரு விதை. அண்ணி விதை போடும்போது பேசமாட்டாள். பேசினால் இரண்டு விழுந்துவிடும்.

விதை முளைத்த பிறகுதான் கஷ்டம். தண்ணீர் கையால்தான். பின்வாசல் தொட்டியிலிருந்து பூவாளியில் மொண்டு, தோள் உயரத்துக்குத் தூக்கி, மழை மாதிரி பரவலாக ஊற்ற வேண்டும். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை, வெயில் காய்ந்தால் நடுவில் இன்னொரு தடவை. ஒரு சுற்றுக்கு முப்பது பூவாளி. நான்கு வருஷமாக இதைச் செய்து அண்ணியின் வலது தோள் போய்விட்டது. தலை வாரக் கை மேலே போகாது. துணி உலர்த்துவது இடது கையால். வைத்தியர் ஊசி போட்டார், களிம்பு கொடுத்தார், "கையைத் தூக்காதீங்க" என்றார். அண்ணி, "தண்ணி யார் தூக்குவாங்கன்னு எழுதிக் கொடுத்திருக்கலாம்" என்று சீட்டை மடித்து வைத்துவிட்டாள்.

திட்டத்தில் தேர்வானால் பெரிய கூடம், ஒரு மோட்டார், கூரையில் ஓடும் பனித்தூவல் குழாய் எல்லாம் தருவார்கள். ஒரு குமிழைத் திருகினால் எழுபது தட்டுக்கும் தானாகத் தண்ணீர். அதிபருக்கு மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம், அந்தக் குழாய்தான் வேண்டும். ஆனால் திட்டம் முப்பத்தைந்து வயது முடியாதவர்களுக்கு. அவளுடைய இளமை அடுத்த மாதத்துக்கு அடுத்த மாதம் பதினோராம் தேதியோடு முடிகிறது என்று விண்ணப்பத்தின் மேலேயே சிவப்பு மையில் குறித்திருந்தார்கள். அதற்குள் ஒரு அதிகாரி வந்து பார்த்து, கூடத்தில் மூன்றில் இரண்டு பங்கு தட்டுகளிலாவது நாற்று உயிரோடு நிற்கிறது என்று படம் பிடித்து எழுத வேண்டும். அவ்வளவுதான் பாக்கி.

ஆய்வுக்குத் தேதி வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் நாற்றுக்கு அன்று இருபத்து நான்காம் நாள். அதிபருக்கே நம்ப முடியவில்லை, அவ்வளவு கச்சிதம். ஏனென்றால் மறுநாள், இருபத்தைந்தாம் நாள், அந்த ஈட்டை, ஒரே நாளில் விதைத்த தட்டுகளை, கிட்டத்தட்ட முழுவதுமாக ஏற்றிக்கொண்டு போக மூணு ஏக்கர் வருவதாக இருந்தது.

மூணு ஏக்கர் என்பது ஒரு மனிதர். மூன்று ஏக்கர் வைத்திருக்கிறார், தண்ணீர் எட்டுவது ஒன்றுக்குத்தான், மற்ற இரண்டும் பேரில் மட்டும். வாய்க்காலில் அவருக்கு முறைத் தண்ணீர். பத்து நாளைக்கு ஒரு தடவை, அரைப் பகல். முறை வருகிற நாளில் நாற்று நிலத்தில் இருந்தால் பிழைக்கும். இல்லாவிட்டால் அடுத்த பத்து நாளைக்கு ஆகாயத்தைப் பார்க்க வேண்டியதுதான். அவருடைய முறை இருபத்தாறாம் நாள்.

இருபத்து மூன்றாம் நாள் மாலை, திட்டத்தின் ஒருங்கிணைப்பாளர் கூப்பிட்டார். எதைச் சொன்னாலும் 'கண்டிப்பா' என்று முடிப்பவர், அதனால் அண்ணி அவருக்குக் கண்டிப்பா சார் என்று பெயர் வைத்திருந்தாள்.

"மேடம், நாளைக்கு ஆய்வு இல்ல. சாருக்கு ஒரு மீட்டிங். நாலு நாள் தள்ளி வச்சிருக்காங்க. இருபத்தெட்டாம் நாள்னாலும் நல்லாத்தானே இருக்கும் நாத்து?"

"இருக்கும் சார். ஆனா கேட்டவருக்குக் கொடுக்கணுமே."

"நாலு நாள்தானே மேடம். சொல்லிப் பாருங்க. இந்தத் தடவை கண்டிப்பா."

அதிபர் போனை வைத்துவிட்டு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி பூவாளியைக் கீழே வைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கையைப் பார்த்த பிறகு அதிபருக்கு யோசிக்க எதுவும் இல்லை. மூணு ஏக்கரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, ஒரு நாலு நாள் பொறுத்துக்க முடியுமா? இங்க ஒரு ஆய்வு இருக்கு."

"நாலு நாள்னு சொல்ற. எனக்கு முறை போனா பத்து நாளு தங்கச்சி. அப்ப முப்பத்தஞ்சாம் நாள்தான் வண்டி கொண்டு வரமுடியும்."

"தெரியும்ணே. நான் நாத்தை இழுத்துப் பிடிச்சு வைக்கறேன். பயிற்சியில சொல்லிக் கொடுத்திருக்காங்க."

"பயிற்சியில என்ன, கயிறு போட்டுக் கட்டச் சொன்னாங்களா?" என்றார். கோபம் இல்லை. பிறகு, "சரி, உனக்கு ஏதோ நல்லது நடக்குதுன்னா நடக்கட்டும். கெடுத்துடாத" என்று வைத்துவிட்டார்.

தப்பு அங்கே நடந்தது. அதிபர் பின்னால் எத்தனையோ தடவை என்னிடம் சொன்னாள், அந்த இடத்தில்தான் என்று. நாற்று வளர்க்கிற யாரும், தயாரான நாற்றைக் காட்சிக்கு நிறுத்தி வைக்க மாட்டார்கள். திட்டத்தில் சேர்ந்தவர்கள்தான் செய்வார்கள்.

இழுத்துப் பிடிப்பது என்றால் தண்ணீரைக் குறைப்பது. வாடும் விளிம்புவரை விட்டு, பிறகு கொஞ்சம் கொடுப்பது. அப்படிச் செய்தால் நாற்று வளர்வதை நிறுத்தி, தண்டு முறுக்கேறி நிற்கும். இரண்டு நாளைக்கு என்றால் அது நல்ல பழக்கம். இருபத்தெட்டாம் நாள் போய் முப்பத்திரண்டு என்றார்கள், அதிகாரிக்குக் காய்ச்சல். முப்பத்திரண்டு போய் முப்பத்தாறு என்றார்கள், வண்டி இல்லை. ஒவ்வொரு தடவையும் கண்டிப்பா. அதற்குள் நாற்றின் தண்டு துடைப்பக் குச்சி மாதிரி காய்ந்து மெலிந்து, அடி ஊதா நிறமாக, ஒரு சாணுக்கு மேலேயே நீண்டுவிட்டது. மேல் தட்டுகளில் இரண்டொன்று பூ மொட்டே வைத்துவிட்டது.

அண்ணி ஒரு மொட்டைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள்.

"பாரு. தட்டுலயே குடும்பம் நடத்த ஆரம்பிச்சிருச்சு."

அதிபர் சிரிக்கவில்லை. அவளுக்கு அந்த நாட்களில் எதைச் செய்தாலும் கை கனத்தது. காலையில் எழுந்து கூடத்துக்குப் போய் இலைகளைப் பார்ப்பதற்கே மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

முப்பத்து நான்காம் நாள் மத்தியானம் மூணு ஏக்கர், சொல்லாமல் கொள்ளாமல் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்துக்குள் நுழைந்து, ஒரு தட்டின் முன் குனிந்து, ஒரு நாற்றை அடியிலிருந்து அழுத்தி எடுத்தார். வேர், குழியின் வடிவத்தில் வெள்ளைத் திரி மாதிரி சுருண்டிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இதைத்தான் இழுத்துப் பிடிச்சியா?"

அதிபர் பக்கத்துத் தட்டை நேராகத் தள்ளி வைத்தாள்.

"திட்டறதுக்கு வரல தங்கச்சி. எனக்கும் தெம்பு இல்ல. நாளன்னைக்கு ரெண்டு மணிக்கு என் முறை. இதையும் விட்டா, நாப்பத்தாறாம் நாள் இதை மாட்டுக்குத்தான் போடணும். நிலத்தை ரெண்டு உழவு ஓட்டிப் பாரைப் பிடிச்சு வச்சிருக்கேன். வேற நாத்துக்கு இப்பப் போய்ச் சொன்னா இருபத்தஞ்சு நாள். நாளைக்கு வண்டி கொண்டு வர்றேன். கொடுக்கிறியா, இல்ல ஆய்வு இருக்கா?"

ஆய்வு இருந்தது. நாளன்றைக்குப் பதினொரு மணிக்கு, அவருடைய தண்ணீருக்கு மூன்று மணி நேரம் முன்னால்.

"சாயங்காலம் சொல்றேண்ணே" என்றாள் அதிபர். அவர் அந்த ஒற்றை நாற்றைத் திரும்பக் குழிக்குள் வைத்து, விரலால் அமுக்கிவிட்டுப் போனார்.

"ஒரு இருபது தட்டை நிறுத்திக்கிட்டு மிச்சத்தைக் கொடுப்போமா?" என்றாள் அண்ணி.

"மூணுல ரெண்டு பங்கு நிக்கணும் அண்ணி. அவருக்கு அறுபத்தஞ்சு தட்டு வேணும். இருக்கிறதே எழுபது."

அதிபர் கண்டிப்பா சாரைக் கூப்பிட்டு, கூடம் காலியாக இருக்கும், இருபத்தைந்து நாள் கழித்து வரச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"மேடம், பட்டியல் இந்த வாரத்தோட மூடறாங்க. அடுத்த பட்டியல் வர்றப்ப உங்களுக்கு வயசு தாண்டிரும். நீங்க கவலைப்படாதீங்க. நாத்தை அவருக்குக் கொடுத்துருங்க. நான் ஐம்பது தட்டு மிளகா நாத்து அனுப்பி வைக்கறேன். படம் எடுத்ததும் அதே வண்டியில திரும்பிடும். எல்லாரும் பண்றதுதான்."

"யாரோட நாத்து சார் அது?"

"யாரோடதுன்னு எனக்கும் தெரியாது மேடம். அது பாட்டுக்குச் சுத்திக்கிட்டு இருக்கு."

அதிபர் இதைச் சொன்னபோது அண்ணி தலையில் அடித்துக்கொண்டாள். "நம்ம வீட்டு ஆம்பளையைவிட அதிகப் பரீட்சை பாஸ் பண்ணியிருக்கும் போலிருக்கே அந்த மிளகா" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "வரட்டும்" என்றாள்.

"வரட்டுமா?"

"நீ நாத்தை அவருக்குக் கொடு. அந்த மனுஷன் முகத்தை இன்னொரு தடவை என்னால பார்க்க முடியாது. இங்க மிளகா வந்து நிக்கட்டும், குழாய் வரட்டும். பொய்தான். எனக்கு இந்தக் கை வேணும்."

அதிபர் சரி என்றாள். அவளை யாரும் குறை சொல்லாதீர்கள். பதினோரு நாள் அப்படிக் காத்திருந்தால், நீங்களும் நானும் இதைவிடச் சீக்கிரமே சரி என்றிருப்போம்.

மறுநாள் மதியம் வண்டி வந்தது. அறுபத்தைந்து தட்டையும் ஏற்றினார்கள். கட்டுக் கட்டும்போது அதிபர் மூணு ஏக்கரிடம், "அண்ணே, இதை வழக்கம்போல நட்டா சாஞ்சு போயிரும். படுக்க வச்சு நடணும். நான் வர்றேன்" என்றாள்.

"படுக்க வச்சா? என்ன, தூங்கப் போகுதா?"

"தண்டு பூரா மண்ணுக்குள்ள போகணும். மண்ணு பட்ட இடமெல்லாம் வேர் விடும் தக்காளி. மேல ஒரு கொத்து இலை மட்டும் வெளிய தெரிஞ்சா போதும்."

அவர் அவளையும் நாற்றையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆளுங்க செய்ய மாட்டாங்களே. குழி போட்டு நிக்க வச்சுத்தான் பழக்கம்."

"அதுக்குத்தான் நான் வர்றேன்."

முப்பத்தாறாம் நாள் விடியும்போதே அவள் வயலில் இருந்தாள். அவரும், அவர் மனைவியும், கூலிக்கு வந்த இரண்டு பெண்களும். களைக்கொத்தால் பாரின், அதாவது நீளமான மண்மேட்டின், மேல் ஒரு சாண் நீளத்துக்குக் கீறல், நாற்றின் கீழ் இலைகளைக் கிள்ளி எறிதல், தண்டைக் கீறலில் கிடத்தி மண்ணை மூடல், நுனியை மட்டும் மெல்ல நிமிர்த்தி அணைத்தல். நிற்க வைத்து நடுவதைவிட இரண்டு மடங்கு நேரம். கூலிப் பெண்களில் ஒருத்தி, "இதென்னம்மா, பொணம் புதைக்கற மாதிரி இருக்கு" என்றாள். மற்றவள், "மூடு வாயை, மனுஷன் முதல் போட்டிருக்கான்" என்றாள். அதிபருக்கு இடுப்பு விட்டுப்போனது. பத்தரை மணிக்கு நிமிர்ந்து பார்த்தால் பாதி வயல்கூட ஆகவில்லை.

அப்போது அண்ணி போனில் கூப்பிட்டாள்.

"வா. அவர் வந்துட்டார். நிஜமாவே வந்துட்டார்."

மூணு ஏக்கரின் மிதிவண்டியை வாங்கிக்கொண்டு அவள் போனாள். முழங்கால்வரை சேறு காய்ந்து வெடித்திருந்தது. வீட்டு வாசலை நெருங்கும்போதே பார்த்தாள், மிளகாய்த் தட்டுகள் கூடத்துக்குள் இல்லை. வாசலுக்கு வெளியே, தெரு ஓரத்தில், வெயிலில் அடுக்கிக் கிடந்தன. ஏற்றி வந்த மூன்று சக்கர வண்டிக்காரன் அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தான். அண்ணி வாசலை மறித்த மாதிரி நின்றாள். எதிரே, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஆய்வு அதிகாரி. சின்ன வயதுதான். கண்ணுக்குக் கீழே கருவளையம், சட்டையின் முதுகில் உப்புக் கோடு.

"என்ன அண்ணி இது? உள்ள வைக்கலையா?"

"வச்சேன். வச்சுட்டுத் தண்ணி ஊத்தலாம்னு ஒரு தட்டைத் தட்டினேன். பொசுக்குன்னு வெள்ளையா பறக்குது. இலையைத் திருப்பிப் பார்த்தேன்." அண்ணி ஒரு தட்டிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி நீட்டினாள். அடிப்பக்கம் முழுக்க மாவு தூவியதுபோல வெள்ளை ஈ. இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டிருந்தது. "சுருட்டை நோய். எத்தனை கூடம் ஏறி இறங்கிச்சோ, எல்லாத்தையும் வாரிக்கிட்டு வந்திருக்கு. ஐம்பது தட்டையும் ஒத்தைக் கையால வெளிய எடுத்துப் போட்டேன்."

அதிகாரி அந்தத் தட்டுகளைப் பார்த்துக் களைப்பாகச் சிரித்தார்.

"இந்தத் தட்டு எனக்குத் தெரியும் மேடம். மூலையில ஒரு உடைசல் இருக்கு பாருங்க. இதை நான் போன வாரம் ஒரு தடவை, முந்தாநாள் ஒரு தடவை படம் பிடிச்சிருக்கேன்."

அதிபருக்குக் காது மடல் சூடாயிற்று.

"உங்களை ஒண்ணும் சொல்லல. நாற்பது இடம் பார்க்கணும், எட்டு நாள்ல. போற இடத்துல எல்லாம் இதுதான் நிக்குது, நானும் எடுத்துக்கிட்டே போறேன். இன்னைக்கும் எடுக்கலாம்." அவர் கூடத்தைக் காட்டினார். "ஆனா உள்ள இருக்கணும். படத்துல இடம் பதிவாகும், வலை தெரியணும். ரெண்டே நிமிஷம். உள்ள அடுக்குங்க, நீங்க பக்கத்துல நில்லுங்க, எடுத்ததும் வெளிய தூக்கிடுங்க."

"உங்க நிஜ நாத்து எங்க?" என்றும் கேட்டார், ஏதோ நினைத்துக்கொண்டவர்போல.

"வயல்ல இருக்கு சார். நட்டுக்கிட்டு இருக்கோம். இருபது நிமிஷத்துல போயிடலாம்."

"படத்துல வேற இடம் பதிவாகும் மேடம். ஏத்துக்க மாட்டாங்க."

அதிபர் அண்ணியைப் பார்த்தாள். இரண்டு நிமிடம். அதற்கு அப்புறம் குழாய், மோட்டார், தூக்க வேண்டாத தண்ணீர். பதினோராம் தேதிக்கு முன்னால் எல்லாம் கையெழுத்தாகிவிடும்.

"உள்ள வராது" என்றாள் அண்ணி.

"அண்ணி, ரெண்டு நிமிஷந்தான்—"

"அதுக்கு ரெண்டு நிமிஷம் போதும். வலையில ஏறி உட்கார்ந்துக்கும். அடுத்த ஈடு கத்திரி, அதுக்கடுத்தது மிளகா, எல்லாம் முளைக்கும்போதே சுருண்டு நிக்கும். அதை வாங்கிட்டுப் போறவங்க வயலும் போச்சு. குழாய் வந்து எதுக்குத் தண்ணி ஊத்தறது? வெள்ளை ஈக்கா?"

அண்ணியின் வலது கை பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஐம்பது தட்டை எடுத்துப் போட்ட இடது கையால் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பொய்தான், வரட்டும் என்று முந்தாநாள் சொன்னவள் இவள்தான். குழாய் வேண்டியிருந்ததும் இவளுக்குத்தான்.

அதிபர் வாசல் கட்டையில் உட்கார்ந்துவிட்டாள். விடியலிலிருந்து குனிந்த இடுப்பு, இப்போதுதான் தெரிந்தது.

"வேண்டாம் சார்" என்றாள். "இருக்கிறதை எழுதுங்க."

"இருக்கிறதுன்னா வெறும் மேடைதான் மேடம்."

"ஆமா சார்."

அவர் காலிக் கூடத்துக்குள் போய், மீந்த ஐந்து தட்டையும் வெறும் மூங்கில் மேடையையும் படம் எடுத்தார். வெளியே வந்து, தொட்டி விளிம்பில் தாளை வைத்து எழுதினார். 'ஆய்வு நாளில் உற்பத்தி காணப்படவில்லை.' குறிப்பு என்று ஒரு கட்டம் இருந்தது. "இதுல ஏதாவது எழுதணுமா? யாரும் படிக்க மாட்டாங்க, ஆனா எழுதலாம்" என்றார்.

"முப்பத்தஞ்சாம் நாள் நாத்து வயலுக்குப் போயிருச்சுன்னு எழுதுங்க."

எழுதினார். கையெழுத்து வாங்கினார். அண்ணி கொடுத்த தண்ணீரைச் செம்போடு குடித்துவிட்டு, "அடுத்த இடத்துக்கு இந்த மிளகா எனக்கு முன்னால போய்ச் சேர்ந்துரும் போலிருக்கு" என்று வண்டிக்காரனைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே கிளம்பினார்.

அதிபர் வயலுக்குத் திரும்பினாள். அண்ணியும் கூடவே வந்தாள். வேண்டாம் என்று சொன்னதற்கு, "கீறல்ல படுக்க வைக்கத்தானே, அதுக்குக் கையைத் தூக்க வேண்டாமே" என்றாள். இரண்டு மணிக்கு வாய்க்காலில் தண்ணீர் வந்தபோது ஒன்பது பார் பாக்கி இருந்தது. மூணு ஏக்கர் மண்வெட்டியால் மடையைத் திருப்பித் திருப்பிக் கடைசிப் பார்களுக்குத் தண்ணீர் போகாமல் நிறுத்தி வைத்தார். முடித்த பாரில் எல்லாம் தண்ணீர் ஓடியது. முடிக்காத பாரில் மற்ற ஐந்து பேரும் குனிந்திருந்தார்கள். கடைசி இரண்டு பாரைச் சேற்றிலேயே நட்டார்கள்.

ஒரு வாரம் கழித்து அதிபரே போய்ப் பார்த்தாள். மூன்றில் ஒன்று போய்விட்டது. மற்றவை நுனியில் புது இலை விட்டிருந்தன.

மூணு ஏக்கர் வரப்பில் நின்று, "நீ சரியான நாள்ல கொடுத்திருந்தா பத்துக்கு ஒண்ணு போயிருக்கும்" என்றார்.

"ஆமாண்ணே."

"நீ வந்து நடலேன்னா பத்தும் போயிருக்கும்." பிறகு, "கத்திரி வேணும், இப்ப விதை போட்டா நாலாவது முறைக்கு வரும். முப்பதாம் நாள் கொடுத்தா முப்பதாம் நாள். போன்ல இழுக்கற வேலை வேண்டாம்" என்றார்.

"முப்பத்தோராம் நாள் என்கிட்ட இருக்காதுண்ணே. நீங்க எடுக்கலேன்னா வேற ஆளுக்குக் கொடுத்துருவேன்."

"அப்படிப் பேசு" என்றார்.

கடிதம் வந்தது. ஆய்வு நாளில் உற்பத்தி காணப்படாததால் விண்ணப்பம் இவ்வாண்டு ஏற்கப்படவில்லை, அடுத்த ஆண்டு தகுதி இருப்பின் விண்ணப்பிக்கலாம். பதினோராம் தேதி வந்தது, போனது. அன்றைக்கும் காலை முப்பது பூவாளி, மாலை முப்பது பூவாளி. அதிபர் இருபது தூக்கினாள், அண்ணி பத்து. அண்ணன் விடுமுறையில் இருந்த இரண்டு நாள் அவர் தூக்கிவிட்டு மூன்றாம் நாள் வேலை இருக்கிறது என்று ஓடிவிட்டார்.

கத்திரிக்கு இருபத்தேழாம் நாள் நடக்கும்போது கண்டிப்பா சார் கூப்பிட்டார். அதிபர் தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றியபடியே கேட்டாள்.

"மேடம், உங்க பேட்ச்ல முப்பது பேர்ல இன்னைக்கும் தட்டுல நாத்து வச்சிருக்கிறது நீங்க ஒருத்தர்தான். புது பேட்ச் வந்திருக்கு. நீங்க வந்து ஒரு மணி நேரம் பேசணும். எல்லாம் சின்னப் பசங்க, உற்சாகமா இருக்கும் அவங்களுக்கு."

"நான்தான் தேறலையே சார்."

"அதைச் சொல்ல வேண்டாம் மேடம்."

"என்னைக்கு?"

"வியாழக்கிழமை. பதினோரு மணி."

அதிபர் தட்டின் ஓரத்தில் சொருகியிருந்த தேதிச் சீட்டைப் பார்த்தாள். வியாழக்கிழமை முப்பதாம் நாள்.

"வியாழக்கிழமை கத்திரி ஏத்தணும் சார்."

"ஒரு நாள் தள்ளிப் போட முடியாதா மேடம்?"

"முடியாது சார்" என்றாள். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. மழை வருமா என்று கேட்டால் வராது என்று சொல்வதுபோலச் சொன்னாள். "வேணும்னா நீங்க வெள்ளிக்கிழமை வைங்க. வர்றேன். ஆனா நடந்ததைத்தான் பேசுவேன். அந்த மிளகாத் தட்டையும் சேர்த்து."

அந்தப் பக்கம் தாள் புரளும் சத்தம் கேட்டது. ஹால் கிடைக்குமா என்று பார்க்கிறேன் என்றார். பத்து நிமிடம் கழித்து அவரே கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை என்றார். மிளகாயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"என்னவாம்?" என்றாள் அண்ணி, மேடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து.

"பேசக் கூப்பிடறாங்க. தொழில் பண்றது எப்படின்னு."

"போறியா?"

"வெள்ளிக்கிழமைதானே. போறேன்."

அண்ணி பூவாளியைக் கீழே வைத்துவிட்டு அவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"சேறு ஒட்டாத செருப்பு இருக்கா உன்கிட்ட?"

"இல்ல."

"என்னோடதைப் போட்டுட்டுப் போ" என்றாள். "ஒரு நம்பர் பெரிசு. மெதுவா நட."